டியூப்லெஸ்ஸா, டியூபா? உங்கள் சைக்கிளுக்கு எது கட்டுப்படியாகும்

சைக்கிள் வாங்கும்போதோ சக்கரம் மாற்றும்போதோ எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: டியூப்லெஸ் போட்டால் பஞ்சர் ஆகாதா? ஆகும். பெரும்பாலும் உங்களுக்குத் தெரியாமலேயே ஆகி, தெரியாமலேயே அடைபட்டும் போகும். அது நல்ல விஷயம்தான், ஆனால் முடிவெடுக்க அது மட்டும் போதாது. நான் முதலில் கேட்பது வேறு கேள்வி. உங்கள் வண்டி வாரத்தில் எத்தனை நாள் ரோட்டுக்கு வருகிறது, எத்தனை நாள் பால்கனியில் நிற்கிறது? டியூப்லெஸ் டயருக்குள் ஓட்டையை அடைக்க ஊற்றும் சீலன்ட் என்ற திரவம் வண்டி ஓடினாலும் காயும், நின்றாலும் காயும். அதை ஈரமாக வைத்திருப்பதுதான் டியூப்லெஸ் பராமரிப்பில் முக்கால்வாசி வேலை. நம் ஊர் வெயிலில் அந்த வேலை அடிக்கடி வரும்.

இருக்கிற வழிகள் நான்கு. ஒன்று, எல்லோருக்கும் தெரிந்த கறுப்பு ப்யூட்டைல் டியூப். இரண்டு, சில ஆண்டுகளாகப் புழங்கும் டி.பி.யு. என்ற பிளாஸ்டிக் வகை டியூப், கண்ணாடித் தாள் மாதிரி மெலிதாக, ஆரஞ்சு, நீலம், இளஞ்சிவப்பு என்று பல நிறங்களில் வரும். மூன்று, டியூபுக்குள்ளேயே சீலன்ட் ஊற்றுவது. நான்கு, டியூபே இல்லாமல் ரிம்மில் டேப் ஒட்டி, வால்வு பொருத்தி, லேடெக்ஸ் என்ற ரப்பர் பால் சீலன்ட் ஊற்றும் டியூப்லெஸ். மூன்றாவது வழி இரண்டு பக்கத்துத் தொல்லையையும் சேர்த்துக் கொடுக்கும். டியூபின் எடையும் குறையாது, ஓட்டையானால் பேட்ச்சும் ஈரத்தில் சரியாக ஒட்டாது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் சைக்கிளுக்கு அது போதும். அதைத் தாண்டி இங்கே அதைப் பேசப்போவதில்லை.

காற்றடித்த டயருக்கு ஜான் பாய்ட் டன்லப் காப்புரிமை வாங்கியது 1888இல். சைக்கிளுக்கு டியூப்லெஸ் என்பதை ஒரு முழு ஏற்பாடாகக் கொண்டுவந்தது 1999இல் மாவிக் நிறுவனத்தின் யு.எஸ்.டி. முறை. ஹட்சின்சனும் மிச்செலினும் டயர் செய்து கொடுத்தன, அதுவும் மலைச் சைக்கிளுக்கு மட்டும். அந்த டயர்கள் காற்றே புகாத அளவுக்குத் தடிமனாக, கனமாக இருந்தன. பிறகு வந்த லேடெக்ஸ் சீலன்ட்தான் மெலிந்த டயரையும் காற்று நிற்க வைத்தது. இன்று கடையில் 'டியூப்லெஸ் ரெடி' என்று விற்கும் டயர் சீலன்ட் இல்லாமல் சும்மா பொருத்தினால் மெதுவாகக் காற்றை விட்டுக்கொண்டே இருக்கும். பைக் டியூப்லெஸ்ஸை மனதில் வைத்துக்கொண்டு, ஒருமுறை போட்டால் மறந்துவிடலாம் என்று நினைத்து வாங்குபவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். பைக் டயருக்கு சீலன்ட் தேவையில்லை, சைக்கிள் டயருக்கு அது இல்லாமல் முடியாது.

நம் ரோட்டில் டயரைக் குத்துவது எது?

தேசிய நெடுஞ்சாலையின் ஓரத்தில் ஓட்டுபவருக்கு முதல் எதிரி ஆணியோ கண்ணாடியோ இல்லை. லாரி டயர் வெடித்துச் சிதறும்போது அதற்குள் இருக்கும் மெல்லிய எஃகுக் கம்பிகள் முடி போல உதிர்ந்து கிடக்கின்றன. ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. டயரில் ஏறியதும் தெரியாது. ப்யூட்டைல் டியூபில் அது ஊசிமுனை ஓட்டை போடும். காற்று மெதுவாக இறங்கி, பத்து கிலோமீட்டர் கழித்துத்தான் பின்சக்கரம் மெத்தென்று ஆகும். டியூபை மாற்றும்போது அந்தக் கம்பி கண்ணில் படாமல் டயரிலேயே தங்கிவிட்டால் புது டியூபும் போகும். டியூப்லெஸ்ஸில் இந்தக் கம்பி ஒரு பொருட்டே இல்லை. சீலன்ட் அந்த இடத்திலேயே அடைத்துவிடும்.

அடுத்தது முள். நெருஞ்சி முள் எப்படி விழுந்தாலும் ஒரு முனை மேலே பார்த்தபடி நிற்கும். அமெரிக்காவின் தென்மேற்கு மாநிலங்களில் சைக்கிள்காரர்கள் திட்டித் தீர்க்கும் முள்ளும் இதே செடியுடையதுதான், டிரிபுலஸ் டெரஸ்டிரிஸ். சீமைக் கருவேலம் இன்னும் மோசம். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கம் ரோட்டோரத்தில் வெட்டிப்போட்ட கிளையின் மேல் ஒருமுறை சக்கரம் ஏறினால் இரண்டு மூன்று முள் சேர்ந்தே ஏறும். டியூப் போட்டவர் அங்கே இறங்கி உட்கார வேண்டியதுதான். டியூப்லெஸ் போட்டவருக்கு 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம், சக்கரம் சுற்றச் சுற்ற ஃபிரேமில் வெள்ளைப் பொட்டுகள், பிறகு அமைதி. வழியில் முள் தெரிந்தால், காற்று போகாதவரை அதைப் பிடுங்காமல் விடுவது நல்லது. வீட்டுக்கு வந்து பிடுங்கி, அந்த ஓட்டை கீழே இருக்கும்படி சக்கரத்தைக் கொஞ்ச நேரம் வைத்தால் போதும்.

மூன்றாவது, குழியில் இறங்கும்போது ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் டியூப் நசுங்கி, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வெட்டு விழுவது. பாம்புக்கடி என்பார்கள். டியூப் இல்லாவிட்டால் நசுங்க எதுவும் இல்லை என்பதால் டியூப்லெஸ்ஸில் காற்றைக் குறைத்து ஓட்டலாம். எழுபது கிலோ எடையுள்ளவர் 28 மி.மீ. டயரில் டியூபோடு 75 பி.எஸ்.ஐ. வைத்திருந்தால், டியூப்லெஸ்ஸில் 65 வைத்து நிம்மதியாகப் போகலாம். வேகத்தடைகளும் ஒட்டுப்போட்ட தாரும் நிறைந்த ரோட்டில் இந்தப் பத்து பி.எஸ்.ஐ. உள்ளங்கைக்கும் இடுப்புக்கும் நன்றாகவே தெரியும்.

பஞ்சரை மட்டும் வைத்துப் பார்த்தால் டியூப்லெஸ்தான் ஜெயிக்கும். இனிமேல்தான் அது தடுமாறும் இடங்கள் வருகின்றன.

சீலன்டும் வெயிலும்

பெரும்பாலான சீலன்டின் அடிப்படை ரப்பர் பால். நீரில் மிதக்கும் நுண்ணிய ரப்பர்த் துகள்கள், அவை கட்டியாகாமல் இருக்கக் கொஞ்சம் அம்மோனியா, ஓட்டையில் போய் அணைக்கட்டு மாதிரி நிற்கச் சின்னத் துகள்கள் அல்லது நார், காய்வதைத் தாமதப்படுத்தக் கிளைக்கால் (glycol) என்ற திரவம். கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் பால் வெட்டுபவர்களுக்கு அம்மோனியா விஷயத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாலை ஷீட் அடிக்காமல் பாலாகவே அனுப்ப வேண்டுமானால் அங்கேயும் அம்மோனியாதான் சேர்ப்பார்கள்.

ஓட்டை வழியாகக் காற்று வேகமாக வெளியேறும்போது துகள்கள் அங்கே சிக்கும், அவற்றைச் சுற்றி ரப்பர் உறையும். இதெல்லாம் பால் திரவமாக இருக்கும்வரைதான். அதிலுள்ள நீர் டயரின் பக்கச்சுவர் வழியாகவே கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகிறது. இரண்டு மாதத்திலிருந்து ஆறு மாதம்வரை தாங்கும் என்று தயாரிப்பாளர்கள் எழுதியிருப்பார்கள். வேலூரிலோ திருச்சியிலோ மே மாதம் 40 டிகிரி வெயிலில், மேற்குப் பார்த்த பால்கனியில் வண்டியை நிறுத்துபவர் அந்தக் கணக்கின் கீழ்முனையை எடுத்துக்கொள்ள வேண்டும். ஆறு மாதம் என்பது ஊட்டிக்காரர் போடும் கணக்கு.

காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சக்கரத்தைக் கழற்றிக் காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே தளும்பும் சத்தம் கேட்க வேண்டும். அகல டயரில் இது சரிவரும். 28 மி.மீ. டயரில் இருப்பதே 30-40 மில்லி என்பதால் சத்தத்தை நம்ப முடியாது. காற்றை இறக்கி, வால்வுக்குள் திருகியிருக்கும் கோரைக் கழற்றி, வால்வு கீழே இருக்கும்படி வைத்து, மெல்லிய கேபிள் டை ஒன்றை உள்ளே விட்டு எடுத்துப் பாருங்கள். என்ஜின் ஆயில் பார்ப்பது போலத்தான். நுனியில் வெள்ளை ஈரம் இருந்தால் சரி. பசை மாதிரி இழுபட்டாலோ வெறுமனே வந்தாலோ ஊற்ற வேண்டும்.

அளவு: 28 மி.மீ. ரோடு டயருக்கு 30 முதல் 45 மில்லி, மண்பாதைக்கான 40 மி.மீ. கிராவல் டயருக்கு 60 முதல் 80, இரண்டேகால் அங்குல மலைச் சைக்கிள் டயருக்கு 100 பக்கம். பாட்டிலை நன்றாகக் குலுக்கிவிட்டு ஊற்றுங்கள், துகள்கள் அடியில் தங்கியிருக்கும். கோடையில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பாதி அளவு ஊற்றினால் போதும். டயரைக் கழற்ற வேண்டாம், சிரிஞ்சால் வால்வு வழியாகவே விட்டுவிடலாம், ஐந்து நிமிட வேலை. ஒரு கம்பெனியின் சீலன்ட் மேல் இன்னொன்றை ஊற்றாதீர்கள். சில கலவைகள் ஒன்றையொன்று திரித்துவிடும்.

இப்படியே ஒரு வருடம் ஊற்றிக்கொண்டே போனால், டயருக்குள் காய்ந்த ரப்பர் தோலும் உருண்டையும் சேர்ந்து கிடக்கும். வருடத்துக்கு ஒருமுறை டயரை முழுக்கக் கழற்றி, அந்தத் தோலை உரித்து, ரிம் டேப்பைப் பார்த்து, திரும்பப் பொருத்த வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போய்விடும். கையில் அம்மோனியா வாடையும் தரையில் வெள்ளைக் கறையும் மிஞ்சும். இந்த வேலையைச் சொல்லாமல் டியூப்லெஸ்ஸை விற்பவர்களின் பேச்சை நான் நம்புவதில்லை.

காயாத சீலன்ட் இல்லையா என்றால் இருக்கிறது: லேடெக்ஸ் இல்லாத, கிளைக்காலும் நாரும் கலந்த வகை. வெகுநாள் ஈரமாக இருக்கும். ஆனால் ரப்பர் மாதிரி உறைந்து ஓட்டையோடு ஒட்டிக்கொள்ளாது, நார் சிக்கி நிற்பதை மட்டும் நம்பியிருக்கிறது. குறைந்த காற்றழுத்தமுள்ள அகல டயருக்குப் பரவாயில்லை. ரோடு டயருக்கு லேடெக்ஸே மேல். பைக்குக்கு விற்கும் கெட்டியான ஆன்டி-பஞ்சர் ஜெல்லை மட்டும் சைக்கிளில் ஊற்றாதீர்கள். சைக்கிளுக்கான ஒல்லி வால்வான பிரெஸ்டாவின் சின்னத் துவாரத்தில் போகவும் போகாது, எடையும் ஏறும். ரப்பர் பால் வாங்கி வீட்டிலேயே கலக்கலாம் என்று மினுக்குத்தூள், மிளகுத்தூள்வரை போட்டுப் பார்ப்பவர்கள் உலகம் முழுக்க உண்டு. அம்மோனியா அதிகமுள்ள பால் அலுமினிய ரிம்மை அரிக்கக்கூடும் என்பதால் விலை உயர்ந்த சக்கரத்தில் அந்தச் சோதனை வேண்டாம்.

வால்வும் டேப்பும்

டியூப்லெஸ்ஸில் தினப்படித் தொல்லை பெரும்பாலும் வால்வு கோரில்தான் வரும். பம்ப் அடித்தால் மீட்டர் சர்ரென்று 80க்கு ஏறும், டயரைத் தொட்டால் மெத்தென்று இருக்கும். கோரில் ரப்பர் உறைந்து அடைத்திருக்கிறது என்று அர்த்தம். கழற்றி வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டலாம், இல்லாவிட்டால் புதிது போடலாம். விலை ஒன்றும் பெரிதில்லை, இரண்டு கூடுதலாக வாங்கி வையுங்கள். வண்டியை நிறுத்தும்போது வால்வு அடியில் நிற்காமல் பார்த்துக்கொண்டால் இந்த அடைப்பு பாதியாகக் குறையும். காற்று இறக்கும்போதும் ஏற்றும்போதும் வால்வு கடிகாரத்தின் 4 மணியிலோ 8 மணியிலோ இருக்கட்டும்.

ரிம் டேப் நன்றாக ஒட்டியிருந்தால் வருடக்கணக்கில் அதை நினைக்கவே வேண்டாம். ஒட்டவில்லை என்றால் நிம்மதி போய்விடும். காற்று ஸ்போக் நிப்பிள் வழியாகக் கசியும், டயரில் எங்கே தேடினாலும் ஓட்டை கிடைக்காது. சோப்புத் தண்ணீரை நிப்பிள்களில் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும்.

டியூப் போட்டவருக்கு இதில் எதுவும் தெரிய வேண்டிய அவசியமில்லை. வாரத்துக்கு ஒருமுறை காற்றடிப்பதோடு சரி, அதை டியூப்லெஸ்காரரும் செய்துதான் ஆக வேண்டும்.

ரோட்டோரத்தில்

பஞ்சர் கடை அண்ணனிடம் டியூப்லெஸ் சைக்கிளைக் கொண்டுபோனால், "தம்பி, உள்ள டியூபே இல்லையே, எதுல ஒட்றது?" என்று கேட்பார், அல்லது பைக் டயர் ஓட்டையில் செருகும் ரப்பர் ஸ்ட்ரிப்பையும் ஓட்டையைக் குடையும் அரத்தையும் எடுப்பார். இரண்டாவதில் கவனம் வேண்டும். பைக் டயரின் தடிமனுக்காகச் செய்த அந்த அரம் சைக்கிள் டயரில் நுழைந்தால் உள்ளே இருக்கும் நூலிழைகளை அறுத்து ஓட்டையைப் பெரிதாக்கும். சைக்கிளுக்கென்று ஒன்றரை மி.மீ., மூன்றரை மி.மீ. தடிமனில் சின்ன ஸ்ட்ரிப்கள் உண்டு. சட்டைப்பையில் அடங்கும். ஓட்டையில் குத்தி, வெடுக்கென்று இழுத்து, சக்கரத்தைச் சுற்றிவிட்டால் முடிந்தது. சக்கரத்தைக் கழற்றக்கூட வேண்டாம்.

அதற்கும் அடங்காமல் பக்கச்சுவர் கிழிந்திருந்தால் கடைசி வழி உள்ளே டியூப் போடுவதுதான். ஆக, டியூப்லெஸ் போட்டவரும் ஒரு டியூப் கொண்டுபோகத்தான் வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. பல மாதம் ஓடிய டியூப்லெஸ் டயருக்குள் சீலன்ட் சத்தமில்லாமல் அடைத்த முள்முனைகள் நிறைய இருக்கும். அவற்றை எடுக்காமல் டியூபைப் போட்டுக் காற்றடித்தால் டியூப் சல்லடையாகிவிடும். டயரின் உட்புறம் முழுக்க ஒரு துணியைச் சுற்றிவர இழுங்கள். எங்கே நூல் மாட்டுகிறதோ அங்கே முள் இருக்கிறது. வெறும் விரலால் தேடினால் விரலும் பஞ்சராகும்.

இன்னொன்று, டயரின் இறுக்கம். சில டியூப்லெஸ் டயர்கள் ரிம்மோடு அவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கும். லிவர் வைத்தாலும் வராது. ரிம்மின் நடுவில் உள்ள பள்ளத்துக்குள் டயரின் விளிம்பைத் தள்ளிக்கொண்டே வந்தால்தான் தளரும். உங்கள் டயரை வீட்டு வாசலில் உங்கள் கையால் ஒருமுறை கழற்றிப் போட்டுப் பாருங்கள். முடியவில்லை என்றால் இரவு இரண்டு மணிக்கு உளுந்தூர்பேட்டையைத் தாண்டி நிச்சயம் முடியாது. திரும்பப் பொருத்தும்போது விளிம்பு 'டப் டப்' என்று ரிம்மில் உட்காரும் அளவுக்கு வேகமாகக் காற்று போக வேண்டும். சாதாரணப் பம்பில் சில சமயம்தான் நடக்கும். கோரைக் கழற்றிவிட்டு, சோப்புத் தண்ணீர் தடவி அடித்தால் வாய்ப்பு கூடும். பஞ்சர் கடை கம்ப்ரஸர் நல்ல துணை. அதன் மூக்கு பிரெஸ்டாவில் மாட்டாது என்பதால் சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்றைக் கையோடு வைத்திருங்கள். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வைத்திருப்பவர்கள் சீலன்ட் பாட்டிலைப் படித்துவிடுவது நல்லது. பல லேடெக்ஸ் கலவைகள் அந்த வாயு பட்டால் திரிந்துபோகும்.

ஹூக்லெஸ் ரிம் வைத்திருப்பவர் கவனிக்க

ரிம்மின் உட்சுவரில் டயரைப் பிடிக்கும் கொக்கி இல்லாத ஹூக்லெஸ் சக்கரங்களில் ஐரோப்பிய டயர்-ரிம் தரநிலைப்படி 5 பார், அதாவது சுமார் 72 பி.எஸ்.ஐ.க்கு மேல் காற்றடிக்கக் கூடாது. சக்கரத் தயாரிப்பாளர் அனுமதித்த டயரைத்தான் போட வேண்டும். 2024 பிப்ரவரியில் யு.ஏ.இ. டூர் சைக்கிள் போட்டியில் பெல்ஜிய வீரர் தாமஸ் டி ஹெண்ட்டின் டயர் ரிம்மை விட்டுக் கழன்று அவர் விழுந்த பிறகு இந்த விவாதம் இன்னும் சூடானது. உங்கள் எடை 90 கிலோவுக்கு மேல், டயர் 28 மி.மீ. என்றால் இந்த உச்சவரம்புக்குள் உங்களுக்கு வேண்டிய காற்று அடங்காமல் போகலாம். அகல டயருக்கு மாறுங்கள், அல்லது கொக்கியுள்ள ரிம் வாங்குங்கள்.

போட்டிக்காரர்கள் எல்லோரும் டியூப்லெஸ்தானே என்று யாராவது சொன்னால், அவர்களுக்குப் பின்னால் மெக்கானிக்கோடு ஒரு கார் வருகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

டி.பி.யு. டியூப் எங்கே பொருந்தும்?

700-28 அளவில் ப்யூட்டைல் டியூப் நூறு கிராம் பக்கம் இருந்தால் இது 25 முதல் 40 கிராம்தான். மடித்தால் தீப்பெட்டி அளவு. ஓட்டத்தில் டியூப்லெஸ்ஸுக்கு ரொம்பப் பின்தங்காது. சீலன்ட் கிடையாது, வாடை கிடையாது. குறைகளும் உண்டு. சாதாரணச் சொல்யூஷனும் பேட்ச்சும் இதில் ஒட்டாது, இதற்கென்று தனி பேட்ச் வேண்டும், அது பஞ்சர் கடையில் கிடைக்காது. டயருக்கு வெளியே வைத்து அதிகம் ஊதினால் உப்பிப்போய் பழைய அளவுக்குத் திரும்பாது. ரிம் பிரேக்கின் சூடு ஆகாது என்பதால் சில மெல்லிய வகைகள் டிஸ்க் பிரேக் வண்டிக்கு மட்டும் என்றே போட்டிருக்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் ரிம் பிரேக்கைப் பிடித்தபடி இறங்குபவர் அந்த வரியைப் படிக்காமல் வாங்கக் கூடாது. டியூப்லெஸ் போட்டவர் அவசரத்துக்கு எடுத்துப்போகும் டியூபாக இதைவிட நல்லது இல்லை.

என் தேர்வு

செலவைப் பார்த்தால், ஒரு சீலன்ட் பாட்டில் விலைக்கு ப்யூட்டைல் டியூப் மூன்று நான்கு வாங்கலாம். டேப், வால்வு, சிரிஞ்ச் தனி. வருடத்துக்கு இரண்டு பஞ்சர் மட்டும் ஆகிறவருக்கு டியூப்லெஸ் பணத்தை மிச்சப்படுத்தாது. பஞ்சரே பயணத்தைக் கெடுக்கும் அளவுக்கு முள்ளிலும் நெடுஞ்சாலையிலும் ஓட்டுபவருக்குத்தான் அது லாபம்.

வாரத்தில் மூன்று நாளாவது ஓட்டுபவர், 32 மி.மீ.க்கு மேல் டயர் போட்டவர், கிராமத்துப் பாதைகளில் போகிறவர்: தயங்காமல் டியூப்லெஸ். 200 கி.மீ.க்கு பதிமூன்றரை மணி நேரம், 600 கி.மீ.க்கு 40 மணி நேரம் என்ற கெடுவோடு பிரவே எனும் நெடுந்தூர ஓட்டம் ஓட்டுபவர்களுக்கும் அதுவே. ஆனால் ஓட்டத்துக்கு முந்தைய நாள் இரவு புது சீலன்ட் ஊற்றாமல், ஒரு வாரம் முன்பே ஊற்றி ஓட்டிப் பார்த்துவிடுங்கள். 25 அல்லது 28 மி.மீ. டயரில் ஞாயிறு மட்டும் ஈ.சி.ஆர். போய்வருபவருக்கு டி.பி.யு. அல்லது ப்யூட்டைல் போதும். அதிகக் காற்றழுத்தத்தில் சீலன்ட் அடைக்கத் திணறும், பீய்ச்சி அடித்துச் சட்டையைத்தான் நனைக்கும். ஆபீஸுக்கு ஓட்டும் ஹைப்ரிட் சைக்கிளுக்கு ப்யூட்டைல் டியூபும் உள்ளே பஞ்சர் தடுப்புப் பட்டையுள்ள தடித்த டயரும் போட்டால் அந்தத் தெருமுனைக் கடைக்காரரே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார். மாதக்கணக்கில் வெளியூர் போய் வண்டியை நிறுத்திவிடுபவருக்கு டியூப்லெஸ் வேண்டவே வேண்டாம். திரும்பி வரும்போது டயர் ரிம்மோடு ஒட்டி, கோர் அடைத்து, உள்ளே ஒரு சொட்டுத் திரவமும் இருக்காது.

ஏற்கெனவே டியூப்லெஸ் போட்டுவிட்டு அலுத்துப்போனவர்கள் சக்கரத்தை மாற்ற வேண்டியதில்லை. டயரைக் கழற்றி, காய்ந்த தோலை உரித்து, ஈரத்துணியால் துடைத்து, முள்ளெல்லாம் எடுத்துவிடுங்கள். டியூப்லெஸ் வால்வின் நட்டை இடுக்கியால் தளர்த்தி எடுத்து ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுவையுங்கள். ரிம் டேப்பைத் தொடாதீர்கள், டியூபுக்கும் அதுவே ஸ்போக் துளைகளை மூடிக்கொடுக்கும். அதே டயரில் டியூபைப் போட்டு, முன்பைவிடப் பத்து பி.எஸ்.ஐ. கூட்டி அடித்துக்கொள்ளுங்கள். ஹூக்லெஸ் ரிம் என்றால் அந்த 72ஐத் தாண்ட வேண்டாம், டியூப் போட்டாலும் வரம்பு அதேதான்.